லோடு ஏற்றிவிட்டால் போதுமா?

நாமக்கல் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸ் எப்படி நடக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு மேஜை, இரண்டு போன், சாமி படம் போட்ட காலண்டர். சரக்கு வைத்திருப்பவர் ஒரு பக்கம், காலி லாரியோடு காத்திருப்பவர் இன்னொரு பக்கம். நடுவில் இருப்பவர் இருவரையும் சேர்த்துவைப்பார். வாடகை பேசி, லோடு ஏறி, கமிஷன் கைக்கு வந்தால் அவர் அடுத்த போனை எடுத்துவிடுவார். கௌரவமான தொழில்தான். அந்த ஊர் வளர்ந்ததில் அதற்கும் பங்குண்டு.

மனநல ஆலோசனைக்கென்று வந்திருக்கும் ஆன்லைன் தளங்கள் பலவற்றைத் திறந்தால் அதே புக்கிங் ஆபீஸ்தான் கண்ணில் படுகிறது. சைக்காலஜிஸ்ட்டுகளின் போட்டோ வரிசை, கட்டணம், எத்தனை நட்சத்திரம், எந்த நேரம் காலி. ஒன்றைத் தொட்டால் பணம் போகும், வீடியோ திறக்கும், நேரம் முடிந்ததும் மூடிக்கொள்ளும். பி.காம். படித்தவனுக்கு இந்தக் கணக்கு சுலபமாகவே புரிகிறது. வாங்குபவர், விற்பவர், நடுவில் தரகு. ஒன்றுதான் இடிக்கிறது. இதில் லோடு எது? மனசா?

இப்படி ஒரு தளமே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். மனநலப் பிரச்னை உள்ள நூறு பேரில் 70 முதல் 92 பேர் வரை, வியாதியைப் பொறுத்து, சிகிச்சைப் பக்கமே வரவில்லை. மருந்து எழுதும் சைக்கியாட்ரிஸ்ட் லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. 0.75 என்கிறார்கள், முக்கால் ஆள்! பேச்சின் வழியே சிகிச்சை தரும் சைக்காலஜிஸ்ட் பெரும்பாலும் நகரத்தோடு சரி. கொல்லிமலைக்காரர் ஒருவர் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ வந்து போனால் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் செலவு தனி. ‘எங்கே போயிட்டு வர்றே?’ என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு பொய்யும் தயார் செய்ய வேண்டும். அவருக்கு போன் ஒரு வரப்பிரசாதம்.

அரசும் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. 2022 பட்ஜெட்டில் அறிவித்து, அதே ஆண்டு அக்டோபர் 10, உலக மனநல நாளன்று ‘டெலி மானஸ்’ தொடங்கியது. எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் தலைமை ஏற்க, தொழில்நுட்பத்தை அதே ஊர் ஐ.ஐ.ஐ.டி. பார்த்துக்கொள்கிறது. இரண்டு ஆண்டுக்குள் 10 லட்சம் அழைப்புகளைத் தாண்டியது. நல்ல காரியம், சந்தேகமில்லை.

ஆனால், அரசு எண்ணானாலும் தனியார் ஆப் ஆனாலும், வடிவமைத்தவர்கள் தூரத்தை மட்டும்தான் எதிரியாக நினைத்தார்களோ என்று தோன்றுகிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் தூரத்துக்குப் பிறகும் மூன்று தடைகள் பாக்கி இருக்கின்றன.

முதலாவது, எங்கே உட்கார்ந்து பேசுவது? பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறி வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் தறி, அடுப்பு, படுக்கை எல்லாம். தறி ஓடினால் எதிர்முனையில் பேசுவது கேட்காது. தறி நின்றால், நீங்கள் பேசுவது வீடு முழுக்கக் கேட்கும். மாமியாரைப் பற்றிய வருத்தத்தை மாமியாரை எதிரே வைத்துக்கொண்டு சொல்ல முடியுமா? நாமக்கல் உறைவிடப் பள்ளிகளின் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். ஹாஸ்டலில் செல்போன் கூடாது என்பது எழுதாமலே எல்லோரும் அறிந்த விதி. வார்டன் ரூம் போனில், வார்டன் எதிரே நின்றுகொண்டு ‘எனக்குப் படிக்கவே பிடிக்கலை, பயமா இருக்கு’ என்று எந்தப் பிள்ளை சொல்லும்? வேடிக்கை என்னவென்றால், இந்த வட்டாரத்தில் தனி அறை வாய்த்தவர் லாரி டிரைவர்தான். மத்தியப் பிரதேசத்தில் எங்கோ போர் போட்டுக்கொண்டிருக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரருக்கு, ராத்திரி கேபினில் உட்கார்ந்தபடி தமிழில் பேச ஒரு ஆள் கிடைத்தால் அது பெரிய விஷயம்.

இரண்டாவது, யார் முதலில் கூப்பிடுவது? மனசு உடைந்தவர் போனை எடுத்து, எண்ணைத் தேடி, ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ எல்லாம் தாண்டி வருவார் என்று காத்திருப்பது கொஞ்சம் அதிகம். 2021 செப்டம்பர் 12, நீட் தேர்வு நாளன்று, சேலம் மாவட்டம் மேட்டூர் அருகே ஒரு மாணவர் உயிரை விட்டார். அடுத்தடுத்து இன்னும் சில துக்கச் செய்திகள். அப்போது தமிழக அரசு 104 சேவை மூலம், தேர்வு எழுதிய பிள்ளைகளைத் தானே போனில் கூப்பிட்டுப் பேச ஏற்பாடு செய்தது. அழைப்புக்காகக் காத்திராமல் அழைத்தது. துக்கத்தில் பிறந்த யோசனைதான். என்றாலும் எந்த ஆப்பின் வடிவமைப்பிலும் முதலில் எழுத வேண்டிய பாடம் அது.

மூன்றாவது, நம் சப்ஜெக்ட். கணக்கு. சாதாரண வியாபாரத்தில் வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வந்தால் வெற்றி. மனநல சிகிச்சையில் அவர் குணமாகி, இனி வர வேண்டாம் என்று ஆவதுதான் வெற்றி. ஆக, தளத்தின் லாபமும் சிகிச்சையின் லாபமும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. இதில் இன்னொரு சிக்கல். குணமாகி வராமல் போனவரும், ‘இது வேலைக்கு ஆகாது’ என்று வெறுத்துப்போய் வராதவரும், ஏதோ செய்துகொண்டு வரவே முடியாமல் போனவரும் கம்ப்யூட்டரில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். ‘கடைசியாக வந்த தேதி’ என்று ஒரு கட்டம். அவ்வளவுதான். எத்தனை லட்சம் அழைப்பு என்பது வரவுக் கணக்கு. ஐந்தொகை வேறு. லாரித் தொழிலிலேயே, சரக்கு இறங்கிய ரசீதைக் காட்டினால்தான் பாக்கி வாடகை. இங்கே ரசீது எங்கே?

இந்த மூன்றையும் சமாளித்த முன்மாதிரி ஒன்று நம் மாநிலத்திலேயே உண்டு. சென்னையில் 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ நிறுவனம், 2010-ல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் ஒரு ஆலோசனை அறை. திரையில் சென்னையிலிருந்து டாக்டர். பக்கத்திலேயே மருந்துக் கூடம், மருந்து இலவசம். ஊருக்குள் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள். வீடியோ என்பது அந்த ஏற்பாட்டில் கால்வாசிதான். கதவு சாத்திய அறை, கையோடு மருந்து, ‘போன தடவை ஏன் வரலை?’ என்று வீட்டுக்கே போய்க் கேட்க ஒரு உள்ளூர் முகம். மீதி முக்கால்வாசி இதுதான். இன்றைய ஆப்களில் இருப்பதோ அந்தக் கால்வாசி மட்டும்.

சைக்காலஜிஸ்ட் பக்கமும் நியாயமாகப் பார்க்க வேண்டும். சென்னையில் உட்கார்ந்திருப்பவரிடம் ராசிபுரத்து இளைஞர் ஒருவர் திடீரென்று ‘இனி இருக்க வேண்டாம்னு தோணுது’ என்கிறார் என்று வையுங்கள். அவர் இப்போது எங்கே இருக்கிறார், வீட்டில் யாரைக் கூப்பிடுவது, பக்கத்து அரசு மருத்துவமனை எது என்பது அந்த நிமிஷமே திரையில் தெரிய வேண்டாமா? அழுதுகொண்டிருக்கும்போது லைன் கட்டானால் யார் திரும்பக் கூப்பிடுவது என்று முதல் நாளே பேசிவைக்க வேண்டாமா? கடினமான கேஸ் என்றால் மூத்தவர் ஒருவரைக் கலந்துகொள்ள வழி வேண்டாமா? இதையெல்லாம் விட்டுவிட்டு நட்சத்திரம் போடச் சொல்கிறார்கள். கசப்பான உண்மையைப் பக்குவமாகச் சொன்னவருக்கு இரண்டு, தலையாட்டியவருக்கு ஐந்து. நல்லவர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள்?

சட்டமும் பாதி வழிதான் வந்திருக்கிறது. ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே தொலை மருத்துவத்துக்கு வழிமுறைகள் வந்தன. ஆனால் அவை பதிவுபெற்ற டாக்டர்களுக்கானவை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். தளத்தில் சிரிக்கும் போட்டோவுக்குக் கீழே அந்தப் பதிவு எண் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

ரகசியம் காக்கப்படுவது நோயாளியின் உரிமை என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு சொல்கிறது. அமெரிக்காவில் பெரிய பெயரெடுத்த ‘பெட்டர்ஹெல்ப்’ தளம், ரகசியம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற கம்பெனிகளோடு பகிர்ந்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023-ல் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு விவகாரத்தை முடித்தார்கள். அங்கே விளம்பரம் வந்தது. நம் ஊரில் விஷயம் கசிந்தால், வந்த வரன் போய்விடும்.

தளம் கட்டுகிற சாஃப்ட்வேர் பிள்ளைகளுக்கும், அதை நடத்தும் அதிகாரிகளுக்கும் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், ஒவ்வொரு ஹாஸ்டலிலும் கதவு சாத்தக்கூடிய ஒரு அறை, ஒரு போன். முதல் தடவை பேசியவரே இரண்டாம் தடவையும் பேச ஏற்பாடு. வராமல் நின்றவரை, அவர் முன்கூட்டியே சம்மதித்த வழியில், ஒருமுறை கூப்பிட்டு ‘எப்படி இருக்கீங்க?’ என்று விசாரிக்க ஒரு ஆள். இதில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை.

அதுவரை, மனசு தாங்காதவர்கள் 14416-ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம். கூப்பிட இடமில்லாத ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், அரை மணி நேரம் உங்கள் அறையைக் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்காருங்கள். கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்.