ஒற்றைப்படை, இரட்டைப்படை: கோலாலம்பூர் அரிசிச் சோதனையை ஒரு பிரதியாக வாசித்தல்

'ஆய்வுகள் சொல்கின்றன' என்று தொடங்கும் வாக்கியத்தை இப்போது தமிழில் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். எந்த ஆய்வு, யாரை வைத்து, எதோடு ஒப்பிட்டு என்று கேட்கிற ஆள் இல்லை. புலனத்தில் வரும் மருத்துவக் குறிப்பிலும் இதே கதைதான், ஞாயிறு பத்திரிகையின் நலவாழ்வுப் பக்கத்திலும் இதே கதைதான். நம் இலக்கியக் கட்டுரைகளும் விதிவிலக்கு இல்லை. கட்டுரையின் நடுவில் கனம் கூட்டுவதற்காக ஓர் 'ஆய்வு' வந்து உட்காரும். அடுத்த பத்தியில் காணாமல் போய்விடும்.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு கூட்டம் உண்டு. ஜொகூர் பாருவில் வாசகர் சந்திப்புகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது: "அறிவியல் மனுசன எண்ணா பார்க்குது, இலக்கியம்தான் மனுசனா பார்க்குது." கைத்தட்டல் வாங்கும் வாக்கியம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு தரப்பும் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. ஓர் ஆய்வறிக்கையை, ஒரு சிறுகதையை வாசிப்பதுபோல வரிவரியாக வாசிப்பது. அதற்கு நம் மண்ணில் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1907-இல் லண்டனின் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் ஓர் அறிக்கை எழுதினார். அரிசியும் பெரிபெரியும் அதன் பொருள். களம், கோலாலம்பூரின் மனநோய் மருத்துவமனை.

முதலில் பின்னணி. பெரிபெரி வந்தால் கால் மரத்துப்போகும். சிலருக்கு உடம்பு வீங்கும், சிலருக்குச் சதை வற்றும். கடைசியில் இதயம் நின்றுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோன நோய் இது. காரணம் என்ன என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. ஈரத்தரை, கெட்ட காற்று, இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமி, இனத்தின் உடல்வாகு.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியோனர்ட் பிராடன் வேறொன்றைக் கவனித்தார். சுரங்கத்துச் சீனர்கள் சியாமிலிருந்து வரும் தீட்டிய பச்சரிசியைச் சாப்பிட்டார்கள், நோயும் அவர்களிடையே அதிகம். கம்பத்து மலாய்க்காரர்கள் தாங்களே விளைத்துக் குத்திய அரிசியைச் சாப்பிட்டார்கள், நோய் குறைவு. தமிழர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. அவர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. நம் தாத்தா பாட்டிமார், தங்களுக்கே தெரியாமல், ஒரு மருத்துவ வாதத்தின் சாட்சிகளாக நின்றிருக்கிறார்கள்.

ஆனால் பிராடனுடையது கவனிப்பு மட்டுமே. தோட்டத்துத் தமிழருக்கும் சுரங்கத்துச் சீனருக்கும் அரிசியில் மட்டுமா வேறுபாடு? வேலை வேறு, குடியிருப்பு வேறு, குழம்பு வேறு, குடி வேறு, கஞ்சா அபின் பழக்கம் வேறு. இத்தனையில் எது காரணம் என்று கவனிப்பு மட்டும் சொல்லாது. 'எங்க ஆளுங்களுக்கு இது வராது, ரத்தம் அப்படி' என்று ஒருவர் சொன்னால் பிராடனின் புள்ளிவிவரம் அவருக்கும் இடம் கொடுக்கும்.

பிளெட்சரின் அறிக்கை இங்கேதான் நுழைகிறது. 1905-ஆம் ஆண்டு அந்த மருத்துவமனையில் பெரிபெரியால் மட்டும் 27 பேர் செத்திருந்தார்கள். அந்த டிசம்பரில் அவர் நோயாளிகள் எல்லாரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்க வைத்து, இடது பக்கத்திலிருந்து எண் சொல்ல வைத்தார். ஒற்றைப்படை எண்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு வழக்கமான சியாம் பச்சரிசி. இரட்டைப்படை எண்கள் மேற்குப் பக்க வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்குப் புழுங்கலரிசி. மற்ற சாப்பாடெல்லாம் ஒன்றேதான்.

அறிக்கையின் உயிர் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. யார் எந்தப் பக்கம் என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தெம்பாக இருப்பவனை ஒரு பக்கமும் நோஞ்சானை இன்னொரு பக்கமும் கை தானாகத் தள்ளியிருக்கும். வரிசையில் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பது தற்செயல். அந்தத் தற்செயலிடம் முடிவை ஒப்படைத்ததில் சீனன், தமிழன், மலாய்க்காரன், முதியவன், இளைஞன் எல்லாரும் இரண்டு பக்கமும் கலந்து பிரிந்தார்கள். இனத்தின் மேல் பழி போட இனி வழியில்லை. இன்றைய முறையில் இன்னும் கறாராகக் குலுக்கிப் போடுவார்கள். ஒற்றை இரட்டை என்றால் அடுத்து வருபவன் எங்கே போவான் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பது ஒரு குறை. ஆனாலும் 1905-க்கு இது பெரிய காரியம்.

விமர்சனம் எழுதுகிற நமக்கும் இதில் ஒரு கொட்டு இருக்கிறது. 'கடந்த பத்தாண்டு மலேசியச் சிறுகதைகள்' என்று கட்டுரை எழுதும்போது நம் கருத்துக்குத் தோதான நாலு கதைகளைப் பொறுக்கிக்கொள்கிறோம். ஒத்துவராத கதைகள் கணக்கில் வருவதே இல்லை. பிளெட்சர் தன் கையைத் தானே கட்டிக்கொண்டார். நாம் கட்டிக்கொள்வதில்லை.

1906-இன் நடுவில் அவர் இன்னொன்றும் செய்தார். இரண்டு குழுக்களின் வார்டுகளையும் மாற்றினார். அரிசி அப்படியே இருக்க, ஆட்கள் இடம் மாறினார்கள். நோய் கட்டடத்தில்தான் குடியிருக்கிறது என்றால் அது இப்போது புழுங்கலரிசிக்காரர்களைப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை. நோய் பச்சரிசியின் பின்னாலேயே போனது. ஆண்டு முடிவில் பச்சரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை.

சரி, 'எண்ணாகப் பார்க்குது' என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். அந்த நோயாளிகளின் பெயர், ஊர், கதை எல்லாம் அறிக்கையில் விரிவாக இருந்திருந்தால் நோயின் காரணம் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது. ஒவ்வொருவர் கதையிலும் நோய்க்கு ஒரு தனிக் காரணம் கிடைத்திருக்கும். இவன் மழையில் நனைந்தான், அவன் மனைவியை நினைத்து ஏங்கினான் என்று. எண்ணாகப் பார்த்ததால்தான் அரிசி கண்ணில் பட்டது. இலக்கியவாதிகள் நாம் இதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

ஒப்புக்கொண்ட பிறகு அடுத்த கேள்வியையும் கேட்கலாம். கொட்டகையில் நின்ற அந்த மனிதர்களிடம் யாராவது கேட்டார்களா? மனநோயாளிகள், அடைத்து வைக்கப்பட்டவர்கள், வேறு சாப்பாடு வாங்கிச் சாப்பிட வழியில்லாதவர்கள். சோதனைக்கு அவர்கள் வசதியாக இருந்ததற்கே அதுதான் காரணம். பிளெட்சருக்கு நியாயமாகச் சொல்வதானால், கிழக்கு வார்டுக்கு அவர் புதிதாக எதையும் கொடுக்கவில்லை. முந்தைய ஆண்டு சாப்பிட்டதையே தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் விடை அவருக்கும் தெரியாது. ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும் சாவு விழுந்துகொண்டே இருக்கும்போது எப்போது நிறுத்துவது? இன்றைய சோதனைகளில் இதற்கென்றே வெளியாட்கள் கொண்ட கண்காணிப்புக் குழு இருக்கும். வேறுபாடு தெளிவாகத் தெரிந்துவிட்டால் பாதியிலேயே நிறுத்தச் சொல்லும். சம்மதம் இல்லாமல் மனிதர்மேல் சோதனை கூடாது என்று உலகம் எழுதி வைத்தது 1947-இல், நியூரம்பெர்க் விசாரணைக்குப் பிறகுதான்.

பிளெட்சரோடு கதை முடியவில்லை. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் ஸ்டாண்டனும் 1907-இல் நெகிரி செம்பிலான் காட்டுக்குப் போனார்கள். டுரியான் திப்புஸ் என்ற இடத்தில் சாலை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளர்கள் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஆள் குடியிருக்காத காடு என்பதால் பழைய கிருமி என்று சொல்லவும் வழியில்லை. மூன்று மாத அளவில் பச்சரிசிக் குழுவில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றிப் போட்டார்கள். நோயும் குழு மாறியது.

பிராடன் காரணத்தில் தவறினார் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். கெட்டுப்போன பச்சரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்றே அவர் நினைத்தார். உண்மையில் நஞ்சு ஏதும் இல்லை. தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஒரு சத்துதான் இல்லாமல் போயிருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து, பின்னாளில் தயமின் என்று பெயர் பெற்றது, அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் மிச்சம் இருக்கும். எது வேலை செய்கிறது என்பதைச் சோதனை சொல்லிவிடும். ஏன் என்பது பின்னால், சில நேரம் பல வருடம் கழித்துத்தான் வரும்.

இனி நடத்தைக்கு வருவோம். 1910-இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய அரிசியே பெரிபெரிக்குக் காரணம் என்று தீர்மானம் போட்டது. மக்கள் வெள்ளை அரிசியை விட்டார்களா? இல்லை. வெள்ளை மரியாதைக்குரிய நிறம். புழுங்கலுக்கு ஒரு வாடை உண்டு, கூலிக்காரன் சாப்பாடு என்ற பெயரும் உண்டு. இன்றைக்கும் வாழையிலைக் கடையில் "வெள்ளையா, புழுங்கலா?" என்று கேட்டால் இளசுகள் எதைச் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். உண்மை தெரிவதும் தட்டு மாறுவதும் இரண்டு தனித்தனி விஷயங்கள்.

தட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே போய்விட்ட காலமும் வந்தது. ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து சியாமுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களைக் கொன்றவற்றில் காலரா, மலேரியாவோடு பெரிபெரியும் ஒன்று. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் அந்தத் தண்டவாளத்தைப் பற்றிய நம் நாவல்கள். அந்த நோயின் காரணமும் மருந்தும் அதே மலாயாவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே நிரூபிக்கப்பட்டிருந்தன என்பதைத் தெரிந்துகொண்டு அந்த நாவல்களுக்குத் திரும்பினால் வாசிப்பே வேறாகிறது. விதியாகத் தெரிந்த சாவு, தடுத்திருக்கக்கூடிய சாவாகத் தெரிய ஆரம்பிக்கிறது.

கேட்டுச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தக் கரையில் ஓர் உதாரணம் உண்டு. 1956-இல் மெட்ராஸ் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதி சானடோரியத்தில் ஓய்வு, நல்ல உணவு, மருந்து. இன்னொரு பகுதி அதே மருந்தோடு தங்கள் குடிசைக்கு. வீட்டுக்காரர்கள் நெருக்கடியான அறையில் இருந்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், கூடுதலாக வேலை செய்தார்கள். ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. வீட்டிலிருந்தவர்களுக்கு நோய் தொற்றியதும் கூடவில்லை. காற்றும் பாலும் முட்டையும் இல்லாமல் மருந்தே போதும் என்று தெரிந்தது. குணமாவதற்குக் குடும்பத்தை விட்டுப் பிரிய வேண்டியதில்லை என்றும் தெரிந்தது.

அந்தச் சோதனை மனிதர்களைப் பற்றியும் ஒன்று சொன்னது. மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்கிறவர் எல்லாரும் சாப்பிடுவதில்லை. சிறுநீர்ச் சோதனை செய்தார்கள், சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். உடம்பு தேறியதும் மருந்தை விடுவது படித்தவன் பாமரன் வேறுபாடின்றி மனித சுபாவம். கண்ணெதிரே மருந்து கொடுக்கும் இன்றைய முறைக்கு அங்கேதான் வித்து. புதுமைப்பித்தன் காசநோயில் இறந்தது 1948 ஜூனில். அந்த நோய்க்கான முதல் மருந்து ஸ்ட்ரெப்டோமைசின் குலுக்கல் சோதனையில் தேறியதாக அறிக்கை வந்தது அதே ஆண்டு அக்டோபரில். காசநோயை எழுத்தாளனின் அலங்காரமாக்கிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இதையெல்லாம் இப்போது ஏன் பேச வேண்டும்? 2019-இன் தேசிய உடல்நல ஆய்வு, நாட்டில் வயதுவந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்றது. இந்தியர்களில் மட்டும் 31.4. இந்த எண்ணைப் பார்த்ததும் நம் ஆட்கள் என்ன சொல்கிறார்கள்? "நம்ம ரத்தம் அப்படி." நூறு வருடத்துக்கு முன்னால் சுரங்கத்துச் சீனனைப் பார்த்துச் சொன்ன அதே வாக்கியம். அந்த ஆய்வு ஒரு கணக்கெடுப்பு. எத்தனை பேர் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. மரபணுவுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த உடம்பு, விடியற்காலை நாலு மணிக்குப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்பும் உடம்பு, பசியாற நேரமில்லாத உடம்பு இவையெல்லாம் அந்த 31.4-க்குள் இருக்கின்றன. ரத்தம் என்று சொன்ன மறுகணம் இவை கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

அதனால் அடுத்தமுறை 'ஆய்வு சொல்கிறது' என்று யாராவது எழுதினால் மூன்று கேள்வி கேளுங்கள். யாரோடு ஒப்பிட்டார்கள்? எப்படிப் பிரித்தார்கள்? பிரிக்கப்பட்டவர்களிடம் கேட்டார்களா? முதல் இரண்டுக்கும் அறிக்கையில் விடை இருக்கும். மூன்றாவதுக்குப் பல நேரம் இருக்காது. எழுத்தாளனுக்கு வேலை அங்கே இருக்கிறது. நான் வாசித்தவரை அந்தக் கிழக்கு வார்டைப் பற்றி நம்மிடம் ஒரு கதைகூட இல்லை. யாராவது எழுதினால், வரிசையில் எண் சொன்ன அந்தக் காட்சியை அவமானமாக மட்டும் எழுதிவிடாதீர்கள். பக்கத்தில் நின்றவன் பிழைத்ததும், பின்னால் வந்த லட்சக்கணக்கானோர் பிழைக்க வழி தெரிந்ததும் அந்த வரிசையால்தான்.