தொழிலால் தேய்ந்த மெய்: மலைபடுகடாமும் ஓர் ஓவியமும்

சவ்வாது மலையில் தோன்றிச் செங்கத்தின் அருகே ஓடும் சேயாற்றைப் பாடிய பெருமை மலைபடுகடாத்திற்கு உரியது. செங்கண்மாவை ஆண்ட நன்னன்மீது இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இந்நூல் 583 அடிகளால் ஆயது. கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும். மலையின் ஒலிகளையும் வழியின் இடர்களையும் விரித்துரைக்கும் நூலென்றே இதனைப் பலரும் போற்றுவர். அவ்வழியே நடந்து செல்லும் பெண்ணின் மெய்யைப் பற்றியும் இந்நூல் கூறும் செய்தி ஒன்று உண்டு. அதனை 1933-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் எழுதப்பெற்ற ஓர் ஓவியத்தோடு ஒருங்கு வைத்து நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

அவ்வோவியத்தை எழுதியவர் அம்ரிதா ஷெர்கில். அவர் 1913-இல் புடாபெசுட்டு நகரில் பிறந்தவர். தந்தையார் பஞ்சாபியர், தாயார் அங்கேரியர். பாரிசில் ஓவியம் பயின்று, 1934-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா திரும்பி, 1941-இல் இலாகூரில் தம் இருபத்தெட்டாம் வயதில் மறைந்தார். ‘தொழில்முறை மாதிரிப்பெண்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய அவ்வோவியத்தில் இளமை கடந்த பெண்ணொருத்தி ஆடையின்றி அமர்ந்திருக்கின்றாள். தோள்கள் மெலிந்துள்ளன, மார்பு தொய்ந்துள்ளது. காண்போரை மகிழ்விக்கும் குறிப்பு அவளிடம் யாதும் இல்லை. ஓவியர் எதிரே அமர்ந்து அமர்ந்து கூலி பெற்ற உடல் அது. எழுதியவருக்கோ அப்பொழுது இருபது வயது. இளமையுடையார் முதுமையைக் காணுங்கால் இரக்கமோ அருவருப்போ மேலெழுதல் இயல்பு. இவ்விரண்டிற்கும் இடங்கொடாது, உள்ளதை உள்ளவாறு எழுதிய நேர்மையே இவ்வோவியத்தின் சிறப்பு என்பது எம் துணிபு.

முதுமையுற்ற பெண்மெய் தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. புறநானூற்றின் 277-ஆம் பாட்டில் பூங்கணுத்திரையார் ஒரு முதுதாயின் நரைத்த கூந்தலுக்குக் கொக்கின் தூவியை உவமை கூறுகின்றார். 278-ஆம் பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் நரம்பு புடைத்த தோளையுடைய மற்றொரு முதியவளைக் காட்டுகின்றார். இருவரும் கூர்ந்து நோக்கியே பாடியுள்ளனர். ஆயினும் அம்முதுமை தன் பொருட்டாகப் பாடப்பெற்றதன்று. மகனது வீரம் வெளிப்பட்டவிடத்து அவ்வுடல் பெருமை பெறுகின்றது; வெளிப்படாவிடின் பாட்டே இல்லை. செங்கம் வட்டாரத்து நடுகற்களும் இதனையே வேறொரு வகையால் உணர்த்தும். 1972-இல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுப்பை நோக்குவார்க்கு, படைக்கலம் ஏந்திய வீரனே கல்லில் முதலிடம் பெறுதல் புலனாகும். அவனை ஈன்று மூத்தவளுக்குப் பாட்டில் கிடைத்த இடம் கல்லில் கிடைத்திலது.

காரைக்காலம்மையார் நிலை வேறு. அவர் உடலழகை வேண்டா என உதறிப் பேய்வடிவு கொண்டார் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. வற்றிய மார்பும் விலாவெலும்பும் தோன்றத் தாளமேந்தி அமர்ந்த அவர் செப்புத்திருமேனிகளைச் சோழர்காலக் கலைஞர் அஞ்சாது வடித்தனர். ஆயின் ஆண்டும் மெலிவு பத்தியின் அடையாளமாய் உயர்கின்றது. வீரமோ பத்தியோ துணைநில்லாதவிடத்து, தேய்ந்த பெண்மெய்க்கு நம் மரபில் இடம் உண்டோ என்பதே ஈண்டு எழும் வினா.

இவ்வினாவிற்கு விடை மலைபடுகடாத்தின் விறலியிடம் உள்ளது. விறலியின் அடிக்கு நாயின் நாவை உவமித்தல் ஆற்றுப்படை நூல்களில் பயின்று வரும் மரபு. மென்மையும் செம்மையும் நோக்கிய உவமை அது என்பர். பெருங்கௌசிகனாரோ வலியிழந்து களைத்த நாயைக் காட்டி, கல் பொருதலால் நொந்த அடியைக் கூறுகின்றார். அழகு கூற வந்த உவமையிலேயே இளைப்பும் நோவும் புகுந்துவிட்டன. அவள் அடி நொந்தது மகன் பொருட்டன்று, இறைவன் பொருட்டும் அன்று; ஆடிப்பாடி உண்ணும் தொழிலின் பொருட்டு மலைவழி நடந்தமையால் நொந்தது. பாரிசின் மாதிரிப்பெண் ஓரிடத்தே அமர்ந்து தேய்ந்தாள். சவ்வாது மலைச்சாரலின் விறலி நடந்து தேய்ந்தாள். இருவர் மெய்யிலும் எழுதப்பட்டிருப்பது அவரவர் தொழிலே.

விறலி இளையவள் அல்லளோ, முதுமைக்கு அவளை எடுத்துக்காட்டாகக் கொள்ளுதல் பொருந்துமோ எனின், தடை நேரிதே. நன்னனைக் கண்டபின் அவள் பரிசில் பெறுவாள். வறுமை தீரும் என்பது ஆற்றுப்படையின் உறுதிமொழி. மாதிரிப்பெண்ணுக்கு அத்தகைய உறுதிமொழி யாதும் இல்லை. இதனால், புலவர் நோவைக் கண்டும் பரிசிலால் அதனை மூடினர். ஓவியர் மூடாது விட்டனர் என்று வேறுபாடு காணலாம். ஓவியர் இப்புலவரைக் கற்றார் என்பதும் எம் கருத்தன்று. ஒப்புமை காட்டுதலே எம் வேலை.

ஓவியரிடமும் குறை ஒன்று உண்டு. தலைப்பில் அப்பெண்ணின் தொழில் இருக்கின்றது, பெயர் இல்லை. விறலிக்கும் பெயர் இல்லை. புறநானூற்றுத் தாயர்க்கும் இல்லை. பாடுபெற்ற நன்னன் பெயர் நின்றது. பாடிய புலவர் பெயரும் எழுதிய ஓவியர் பெயரும் நின்றன. மெய்யைத் தந்தவர் பெயர் மட்டும் நின்றிலது. மலைபடுகடாத்தை இனிக் கற்பிப்போர் மலையின் ஒலிகளோடு அந்நொந்த அடியையும் மாணவர்க்குக் காட்டுவாராயின், பெயரில்லார்க்கு ஆராய்ச்சி செய்யத்தக்க சிறு கடன் ஒன்று தீர்ந்ததாகும்.