பின்னணி இசையின் மூலபாடம்: ஹாலிவுட் மீள்பதிவுகளும் தமிழ்த் திரையின் ‘ரீ-ரெக்கார்டிங்’கும்

முன்னுரை

‘ரீ-ரெக்கார்டிங்’ என்னும் சொல்லுக்குத் தமிழ்த் திரையுலகம் கொள்ளும் பொருளும் ஹாலிவுட் இசைத்தட்டு ஆர்வலர்கள் கொள்ளும் பொருளும் வேறு வேறு. சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் அது, படத்தொகுப்பு முடிந்தபின் காட்சிகளுக்குப் பின்னணி இசை சேர்க்கும் பணி, ‘ஆர்.ஆர்.’ என்று சுருக்கியும் சொல்வர். மேலைநாட்டு ஆர்வலர்களிடையே அது, பழைய படமொன்றின் இசையைப் பல்லாண்டுகளுக்குப் பின் முழு இசைக்குழுவைக் கொண்டு புதிதாக வாசித்துப் பதிவுசெய்வது. குழப்பத்தைத் தவிர்க்க, முன்னதை ஆர்.ஆர். என்றும் பின்னதை மீள்பதிவு என்றும் இக்கட்டுரை குறிக்கும்.

‘ஆர்கெஸ்ட்ரா’ என்ற சொல்லும் இவ்வாறே இடம் மாறியுள்ளது. இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ திருவிழா இரவில் ‘ஆர்கெஸ்ட்ரா’ உண்டு என்றால் எண்பது பேர் கொண்ட சிம்பொனிக் குழுவை எவரும் எதிர்பார்ப்பதில்லை. இரண்டு கீபோர்டு, ரிதம் பேட், தபேலா, கிட்டார், பாடகர் சிலர் என அமையும் மெல்லிசைக் குழுவே இங்கு ஆர்கெஸ்ட்ரா. ஹாலிவுட் மீள்பதிவுகளைப் பற்றிய கட்டுரையில் இக்குழுக்களுக்கு என்ன வேலை என்ற கேள்வி எழலாம். பழைய திரையிசையை மீண்டும் வாசிக்கும் வேலையைத் தமிழகத்தில் இடைவிடாது செய்துவருவோர் இவர்களே. மீள்பதிவு என்பது ஒருவகைப் பதிப்பு. பதிப்பாசிரியருக்குரிய பொறுப்புகள் அதைச் செய்வோருக்கும் உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்து. அந்தப் பொறுப்பு நம்மிடம் எங்கே நழுவுகிறது என்பதை இக்குழுக்களைக் கொண்டே காண முடிந்தது.

ஏடும் தாளும்

இராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் கரிவலம்வந்தநல்லூர் உள்ளது. வரகுணராம பாண்டியரின் சுவடிகளைத் தேடி அவ்வூர்க் கோயிலுக்குச் சென்ற உ.வே.சாமிநாதையர், அவை ஆகம விதியென்று சொல்லி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டதை அறிந்து நொந்ததைத் தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். தமிழ் ஆய்வு மாணவர் எவருக்கும் தெரிந்த செய்தி இது. இதற்கு இணையான ஒரு நிகழ்வு ஹாலிவுட்டிலும் உண்டு. 1970ஆம் ஆண்டையொட்டி எம்.ஜி.எம். நிறுவனம் தன் இசை நூலகத்தில் இருந்த முழு இசைத்தாள்களையும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே எழுதப்பட்ட வாசிப்புத் தாள்களையும் குப்பையோடு குப்பையாகப் பள்ளம் நிரப்பக் கொட்டியது. ஒரு படத்தின் முழு இசையையும் சில வரிகளில் சுருக்கிக் காட்டும் நடத்துநர் தாள்களே பெரும்பாலும் எஞ்சின.

ஆங்கில இசை நடத்துநர் ஜான் வில்சன் அந்தச் சுருக்கத் தாள்களை ஒரு பக்கமும் படத்தின் ஒலித்தடத்தை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, எம்.ஜி.எம். இசைப்படங்களின் முழு இசைத்தாள்களைக் காதால் கேட்டு மீண்டும் எழுதினார். 2009ஆம் ஆண்டு பி.பி.சி. ப்ராம்ஸ் விழாவில் அவருடைய குழு அவற்றை வாசித்தது. மூலநூல் அழிந்தபின் உரைகளிலிருந்தும் மேற்கோள்களிலிருந்தும் செய்யுட்களைத் திரட்டித் தொகுக்கும் பதிப்பாசிரியரின் உழைப்புக்கு இதை ஒப்பிடலாம். வார்னர் நிறுவனத்தின் தாள்கள் பிழைத்ததால் எரிக் வுல்ஃப்காங் கோர்ன்கோல்டின் இசைக்கு அத்தகைய தேவை எழவில்லை. 1972இல் சார்லஸ் கெர்ஹார்ட் லண்டனில் நேஷனல் ஃபில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு பதிவுசெய்த ‘தி சீ ஹாக்’ இசைத்தட்டு பரவலான வரவேற்பைப் பெற்று, ஒரு வரிசைக்கே தொடக்கமாயிற்று. கோர்ன்கோல்டின் மகன் ஜார்ஜ் அதன் தயாரிப்பாளர்.

அந்த இசைத்தட்டின் அழகில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அது தொகைநூல், மூலநூலன்று. படத்தில் வாள்வீச்சு ஒலிக்கும் வசனத்துக்கும் அடியில் ஓடிய இசை அங்கே தனித்து நிமிர்கிறது. நீண்ட பகுதிகள் சுருங்கித் தொகுப்பிசையாகின்றன. அரங்கத்தின் எதிரொலி எல்லாவற்றையும் ஒரே பளபளப்பில் தோய்க்கிறது. 1940இல் படம் பார்த்தவர் கேட்டது இதுவன்று. கெர்ஹார்ட் அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. கேட்பவர்கள்தாம் அப்படி எடுத்துக்கொண்டார்கள்.

ஆசிரியரே மாற்றிய பாடம்

சிக்கல் உண்மையில் கடினமாவது பெர்னார்ட் ஹெர்மனிடம். நரம்புக் கருவிகளை மட்டும் கொண்டு அவர் அமைத்த ‘சைக்கோ’வின் இசை 1960இல் படத்துக்காகப் பதிவாயிற்று. 1975இல், தம் வாழ்வின் இறுதி ஆண்டில், அவரே லண்டனில் அதை மீள்பதிவு செய்தார். தாள் ஒன்று, ஆசிரியர் ஒருவர். ஆயினும் பிந்தைய பதிவு படத்தில் உள்ளதைவிடத் தெளிவாக மெதுவாகச் செல்கிறது. படத்தில் மூச்சுமுட்ட விரையும் தொடக்க இசை இசைத்தட்டில் கனத்து நடக்கிறது. 1990களில் ஜோயல் மெக்னீலி ராயல் ஸ்காட்டிஷ் நேஷனல் குழுவுடன் செய்த மீள்பதிவு மீண்டும் படத்தின் வேகத்தை நாடியது. இவற்றுள் எது மூலபாடம்? ஆசிரியர் இறுதியாகத் திருத்திய படியே சிறந்தது என்ற பதிப்பு விதியைப் பின்பற்றினால் 1975 வெல்லும். ஆனால் திரையிசை காட்சியின் கால அளவுக்குள் வெட்டப்பட்டது. குளியலறைக் காட்சியிலிருந்து பிரிந்துவிட்ட இசைக்கு விரைய வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே 1975 பதிவை அரங்குக்காக எழுந்த வேறொரு பாடமாகவே நான் கொள்வேன்.

‘வெர்டிகோ’ (1958) இதன் மறுபுறம். அமெரிக்காவில் இசைக்கலைஞர்களின் வேலைநிறுத்தம் நடந்ததால் அப்படத்தின் இசை ம்யூர் மாத்தீசன் நடத்த லண்டனில் தொடங்கி, அங்கும் ஆதரவு நிறுத்தம் எழ, வியன்னாவில் முடிந்தது. லண்டன் பகுதி ஸ்டீரியோ, வியன்னாப் பகுதி மோனோ. மூலமே இரண்டு கைகளால் எழுதப்பட்ட சுவடி போன்றது. பிந்தைய மீள்பதிவுகள் இந்தத் தையலை மறைத்து ஒரே துணியாக்குகின்றன. கேட்க இனிமை; சுவடியின் வரலாறு மறைகிறது.

இந்தியச் சான்று ஒன்றும் உண்டு. ‘முகலே ஆசம்’ (1960) 2004இல் வண்ணமூட்டப்பட்டு வெளிவந்தபோது, நௌஷாத்தின் துணையோடு உத்தம் சிங் வாத்திய இசையைப் புதிதாகப் பதிவுசெய்தார். பாடகர்களின் பழைய குரல்கள் அப்படியே வைக்கப்பட்டன. மூலச் செய்யுளைத் தொடாமல் புதிய உரையோடு அச்சிடுவது போன்ற முறை. குரல் மூலம், வாத்தியம் உரை என்ற அந்தத் தரவரிசையை நம் இரசனை எந்தத் தயக்கமும் இன்றி ஏற்றுக்கொண்டது.

வசனம் தொடங்கும் இடம்

பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழித் திருவிழாவையொட்டிய ஓர் இரவில், மெல்லிசைக் குழுவொன்றின் மேடையருகே களப்பணிக்காக அமர்ந்திருந்தேன். பாடல்களின் முன்னிசை தொடங்கிய கணமே கைதட்டல் எழுந்தது. இடையிசை இம்மியும் பிசகக்கூடாது என்பதில் குழுவினர் காட்டிய கவனம் வியப்பளித்தது. குழலுக்கு ஒரு கீபோர்டு, வயலின்களுக்கு மற்றொன்று என்று பிரித்துக்கொண்டு இசைத்தட்டை எழுத்தெண்ணி ஒப்பித்தனர். இளைஞர் சிலர் ‘மௌன ராகம்’ (1986) படத்தின் பின்னணி இசையைக் கேட்டு ஆரவாரம் செய்தபோது கீபோர்டு கலைஞர் அந்த மெட்டை வாசித்தார், ஒருமுறை திருப்பி வாசித்தார், நிறுத்திவிட்டார். நிகழ்ச்சி முடிந்தபின் காரணம் கேட்டேன். அதற்குமேல் வசனம் வந்துவிடுகிறது, அடியில் என்ன ஓடுகிறது என்று கேட்பதில்லை என்றார்.

தமிழ்ப் பின்னணி இசையின் இன்றைய நிலை அவர் விடையில் இருக்கிறது. பாடல்கள் இசைத்தட்டாக, ஒலிநாடாவாகத் தனியே வெளிவந்தன. எனவே அவற்றுக்குப் பல படிகள் உண்டு. ஆர்.ஆர். அவ்வாறு வெளியிடப்படுவது அரிது. படத்தின் ஒலித்தடத்தில் வசனம், காலடி ஓசை, மழை ஆகியவற்றோடு கலந்த ஒற்றைப் படியே பொதுவில் கிடைப்பது. இத்தனைக்கும் 1976இல் ‘அன்னக்கிளி’யுடன் அறிமுகமான இளையராஜா, ஒவ்வொரு கருவிக்குமான இசையையும் மேலைநாட்டுக் குறியீட்டில் தம் கைப்பட எழுதுபவர். தமிழில் தாளே இல்லை என்று சொல்ல இயலாது. தாளை ஆய்வாளர் அணுகும் வழிதான் இல்லை.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் மிகெல் டாம்ஸ் நடத்த, ராயல் ஃபில்ஹார்மோனிக் குழு இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனியை அரங்கேற்றியது. அந்நிகழ்ச்சியில் அவருடைய திரைப்பாடல்களும் ஒலித்தன. அரங்கேற்றத்தின் பெருமையை எவரும் மறுக்க இயலாது. ஆனால் மீள்பதிவு என்ற கோணத்தில் நோக்கினால் லண்டன் மேடையும் பூக்குழி மேடையும் ஒரே தேர்வைச் செய்கின்றன: இரண்டும் பாடலையே எடுக்கின்றன. அழியும் நிலையில் இல்லாத ஒன்றையே நாம் மீண்டும் மீண்டும் படியெடுக்கிறோம். ‘ஹே ராம்’ (2000) போன்ற படத்துக்கு புடாபெஸ்டில் பதிவான பின்னணி இசைக்குப் பெரிய குழுவின் மீள்பதிவு அவசரத் தேவையன்று. பெரிய குழு அதில் ஏற்கெனவே இருக்கிறது. 1980களில் சென்னைக் கலைஞர்களைக் கொண்டு பதிவான, வசனத்துக்கு அடியில் மூழ்கிய இசையே முதலில் எழுதியெடுக்கப்பட வேண்டியது. அதையும் எண்பது பேருக்குப் பெருக்காமல், மூலத்தில் இருந்த எண்ணிக்கையிலேயே வாசிக்க வேண்டும். 2024இல் சென்னை ஐ.ஐ.டி.யில் இளையராஜா பெயரில் தொடங்கப்பட்ட இசை ஆய்வு மையத்துக்கு இது உகந்த பணி.

இங்கு ஒரு மறுப்புக்கு இடமுண்டு. ஆண்டாளின் ஊரில் நின்றுகொண்டு ஒரே பாடம் என்று வாதிடலாமா? திருப்பாவைக்கு அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் அமைத்த மெட்டுகள் கச்சேரியில் நிலைத்தன. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் அரையர் சேவை வேறொரு மரபைக் காக்கிறது. 2024 டிசம்பரில் அதே கோயிலில் இளையராஜாவின் திவ்ய பாசுர இசை நிகழ்ச்சியும் நடந்தது. மெட்டு மாறினாலும் பாசுரம் கெடவில்லை. உண்மைதான். ஆனால் பாசுரத்தில் சொல் நிலையாக நிற்க இசை அதைச் சுற்றி மாறுகிறது. பின்னணி இசையில் சொல் இல்லை. எந்தக் கருவி, எந்த வேகம், எவ்வளவு ஒலி என்பவையே அதன் எழுத்துகள். அவை மாறியபின் ‘அதே இசை’ என்று சுட்ட எதுவும் எஞ்சாது.

ஊர் திரும்பியபின் ‘மௌன ராக’த்தின் அந்தப் பகுதியை நானே எழுதியெடுக்க முயன்றேன். மேல்வரி மெட்டும் அடிக் கட்டையும் தெளிவாகக் கிடைத்தன. நடுவே ஓடும் வயலின் வரி, வசனத்தின் இடைவெளிகளில் மட்டும் தலைகாட்டியது. கேட்டதை அப்படியே எழுதி, ஊகித்ததைப் பகர அடைப்புக்குள் இட்டேன்; சுவடியின் செல்லரித்த இடங்களை நிரப்பும்போது பதிப்பாசிரியர் செய்வதும் அதுதானே. இராஜபாளையத்தில் அந்தக் கீபோர்டு கலைஞரின் வீட்டுக்கு அத்தாளைக் கொண்டுசென்றேன். நெடுநேரம் பார்த்தார். அடைப்புகளை எப்படி வாசிப்பது என்று கேட்டார். ஊகம் என்பதற்கான குறி அது என்றேன். மேடையில் ஊகம் என்று தனியாக ஒன்று ஒலிக்காதே என்று சிரித்துவிட்டு, கீபோர்டை இயக்கி, அடைப்புக்குள் இருந்த என் வரியை விட்டுவிட்டுத் தமக்குத் தோன்றிய வேறொரு வரியை வாசித்தார். என்னுடையதைவிட அது நன்றாக இருந்தது. அதையும் அடைப்புக்குள்தான் எழுதி வைத்திருக்கிறேன்.