பத்தாம் வகுப்பில் வந்து சேரும் உதவி

தமிழகப் பள்ளிகளில் ‘மெல்லக் கற்கும் மாணவர்’ என்றொரு பட்டியல் உண்டு. வடசென்னையில் மூலக்கொத்தளம், ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் அதைப் பிரித்துப் பார்த்தால், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத காரணங்கள் ஒரே தலைப்பின்கீழ் உட்கார்ந்திருக்கும். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் எழுதும் பிள்ளை. குடும்பம் வேலை தேடி இடம் மாறியதில் வகுப்புகளைத் தவறவிட்ட பிள்ளை. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி 2021 நவம்பரில் திறக்கும்வரை எழுத்தின் பக்கமே போகாத பிள்ளை. இவர்களோடு, நாள் தவறாமல் வகுப்புக்கு வந்தும், கேட்ட கதையைக் கடகடவென்று திருப்பிச் சொல்லியும், புத்தகத்தைத் திறந்தால் மட்டும் திணறும் பிள்ளை. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டைச் சொன்னதும் நாம் நினைப்பது இந்தக் கடைசிப் பிள்ளையை. முதல் மூவரில் யாருக்கும் அது இருக்கலாம். யாரும் தேடமாட்டார்கள், ‘படிப்பு ஏறல’ என்பதற்குத்தான் கைவசம் வேறு காரணம் இருக்கிறதே.

அரசின் உதவி இப்போது பெரும்பாலும் தேர்வைச் சுற்றி நிற்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்தது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழித்தாளில் விலக்கு ஆகியவை கிடைக்கின்றன. இவற்றைச் சலுகை என்று இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. அறிவியல் தெரிந்த பிள்ளை, எழுத்துக்கூட்டத் தடுமாறுவதாலேயே அறிவியலில் தோற்பது எந்த நியாயத்தில் சேரும்? இந்த ஏற்பாடு பல பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பைத் தாண்ட வைத்திருக்கிறது. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் உள்ளே நுழையும் வாசல் குறுகல். 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறை, எட்டு வயதுக்குமேல்தான் சான்றிதழ் என்றது. 14 வயதில் ஒருமுறை, 18 வயதில் ஒருமுறை மறுசான்றும் கேட்டது. குழந்தை மருத்துவர் பார்த்து, உளவியலாளர் நுண்ணறிவு எண்ணை அளந்து, அது 85க்கு மேல் இருந்தால்தான் வாசிப்புச் சோதனை என்றும் அந்த நெறிமுறை வகுத்தது. இந்த 85தான் எனக்கு உறுத்துகிறது. அறிவுசார் குறைபாடு என்று பொதுவாகக் கணக்கில் எடுப்பது 70க்குக் கீழே. இடைப்பட்ட 78, 80 வாங்கும் பிள்ளை எந்தக் கணக்கிலும் வராது. நுண்ணறிவுத் தேர்வு சொல்வளத்தையும் பொது அறிவையும் சேர்த்தே அளக்கிறது. புத்தகம் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அங்கேயே சில புள்ளிகள் போய்விடும். நுண்ணறிவு எண்ணையும் வாசிப்பையும் ஒப்பிட்டு இடைவெளி தேடும் முறையை அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 2013லேயே கைவிட்டுவிட்டது. இத்தனை சோதனைகளுக்கும் அலைய வேண்டும். மூலக்கொத்தளத்துக்காரருக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை நடந்து போகும் தூரம். தூரத்தைவிட, ஒவ்வொரு அலைச்சலுக்கும் போகும் ஒருநாள் கூலிதான் அவர்களைத் தடுக்கிறது.

மொழித்தாள் விலக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 1938இல் மூண்ட இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று, 1939இல் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் மூலக்கொத்தளத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார்கள். அந்த வரலாற்றின் தொடர்ச்சியான இருமொழிக் கொள்கையில், அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இருப்பவை தமிழும் ஆங்கிலமும். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை ஆங்கிலத்தை விட்டால் கல்லூரியிலும் கம்பெனி வாசலிலும் மாட்டிக்கொள்ளும். தமிழை விட்டாலோ, வரலாறும் அறிவியலும் அதே தமிழ் எழுத்தில்தான் காத்திருக்கின்றன. ஆக, இந்த விலக்கின் முழுப்பயன் ஆங்கிலவழித் தனியார் பள்ளிப் பிள்ளைக்கே.

தமிழ் எழுத்து எளிது, சொல்வதைத்தானே எழுதுகிறோம் என்பார்கள். பாதி உண்மை. ‘கொ’வில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஓசை பின்னால் வருகிறது. ‘பகல்’, ‘பங்கு’, ‘பக்கம்’ மூன்றிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. ணகர னகரமும் லகர ளகர ழகரமும் பேச்சில் கலந்துபோன தெருவில் அவற்றை எழுத்தில் பிரிக்க வேண்டும். இன்னொன்று: ஜெர்மனைப் போல, ஒலிக்கும் எழுத்துக்கும் இடையே நெருக்கமுள்ள மொழிகளில் டிஸ்லெக்சியா பிழையான வாசிப்பைவிட மெதுவான வாசிப்பாகவே வெளிப்படுகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்தது. தமிழும் அந்த வகைக்குப் பக்கத்தில் நிற்பதால், பிழையை மட்டும் எண்ணும் சோதனையில் எழுத்துக்கூட்டிச் சரியாக முடிக்கும் பிள்ளை தப்பிவிடும். டிஸ்லெக்சியாவைக் கண்டறிய தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கிய டாலி சோதனை முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலத்தில் வந்தது. அந்த நான்கில் தமிழ் இல்லை.

கற்பிக்க வழி தெரியாமல் இல்லை. 1991இல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கத்தின் தி.நகர் மையத்தில் ஓர் ஆசிரியருக்கு இரண்டு பிள்ளைகள். ஒலியைப் பிரித்து, கையால் தடவி, வாயால் சொல்லிப் படித்துவிட்டு வழக்கமான பள்ளிக்குத் திரும்புகிறார்கள். அருமையான முறை, ஆனால் அந்த விகிதம் மாநகராட்சிப் பள்ளிக்குக் கட்டுப்படியாகாது. அரசுப் பள்ளிகளுக்கு வரும் சிறப்புப் பயிற்றுநர்களோ வட்டார வள மையத்திலிருந்து முறைவைத்து வருபவர்கள், தொகுப்பூதியக்காரர்கள், எல்லா வகைக் குறைபாட்டுக்கும் அவர்களே.

ஆகவே நான் நம்புவது 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தை. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் இடத்திலிருந்து கற்பிக்க வந்த திட்டம் அது. எல்லாரும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற பழைய பிடிவாதத்தை அது தளர்த்தியது. குறை எங்கே என்றால், இரண்டு பருவம் அரும்பிலேயே நின்றுவிட்ட பிள்ளைக்கும் அதே பாட்டு, அதே அட்டை, இன்னொரு முறை. ஏன் நின்றது என்று கேட்கும் படி அதில் இல்லை. அந்தத் தேக்கத்தையே அடையாளமாக எடுத்துக்கொண்டு, சான்றிதழ் கேட்காமல், நாலைந்து பேராகச் சேர்த்துத் தினம் அரைமணி ஒலிப்பயிற்சி கொடுக்கலாம். எட்டு வயதுவரை காத்திருக்கத் தேவையில்லை. டிஸ்லெக்சியா இல்லாத பிள்ளையும் அதில் சேர்ந்துவிடுமே என்பார்கள். சேரட்டும். ஊரடங்கில் எழுத்தைத் தவறவிட்ட பிள்ளைக்கும், வீட்டில் உருது பேசும் பிள்ளைக்கும் அந்த அரைமணியால் வரும் நட்டம் என்ன? கொஞ்சம் சீக்கிரமாக வாசிக்கத் தொடங்கும், அவ்வளவுதான்.