நன்னூற் குற்றங்களும் மாணவர் கட்டுரையும்

மாணவர் கட்டுரைகளைத் திருத்துவோர் பெரும்பாலும் எழுத்துப்பிழை, சந்திப்பிழை, ஒருமை பன்மை மயக்கம் ஆகியவற்றையே குறிக்கின்றனர். தொடர்கள் யாவும் பிழையற்று அமைந்தும் கட்டுரை பயனற்று நிற்பதுண்டு. அத்தகைய குறைகளைச் சுட்டும் கலைச்சொற்கள் தமிழ் இலக்கண மரபில் உள்ளன. எனினும் அவை மனப்பாடப் பகுதியாகவே வகுப்பறையில் எஞ்சியுள்ளன.

1. குற்றங்களின் நிலை

தொல்காப்பிய மரபியலும், பவணந்தியாரின் நன்னூற் பொதுப்பாயிரமும் நூலுக்குரிய குற்றங்களைப் பத்தாக வகுக்கின்றன. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் ஆகியவை இரண்டிற்கும் பொது. நன்னூலின் பத்தனுள் வழூஉச்சொல் புணர்த்தல் ஒன்றே சொல்லின் வழுவைக் குறிப்பது. ஏனையவை பொருளையும் அதனைத் தொடுக்கும் முறையையும் பற்றியன. அவற்றுள்ளும் மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் ஆகிய இரண்டும் தனித்தொடரில் புலப்படா. கட்டுரை முழுமையையும் நோக்கினாலன்றி அவற்றைக் காண இயலாது. தொடர்களுக்கிடையிலான பிணைப்பை ஹாலிடேயும் ஹசனும் 1976இல் ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்டு விரிவாக ஆராய்ந்தனர். 'எனவே', 'ஆகையால்' போன்ற பிணைப்புச் சொற்கள் முறையாக அமைந்தும் பொருள் வேறிடம் சென்றுவிடக்கூடும். மற்றொன்று விரித்தல் என்பது அதனையும் உள்ளடக்கும்.

நன்னூற் பட்டியலிலும் ஒரு குறை உண்டு. கேட்போர்க்கு இன்னாததாக யாப்பதைத் தொல்காப்பியம் குற்றமாகக் கொள்கிறது. நன்னூலின் குற்றங்களுள் அஃது இல்லை. நவின்றோர்க்கு இனிமை என அழகுகளுள் அமைகிறது. முன்னதில் இன்றியமையாததாக இருந்த படிப்போர் நோக்கு, பின்னதில் சிறப்புத் தன்மையாக மாறிவிடுகிறது. மாணவர் எழுத்துக்குத் தொல்காப்பிய நெறியே பொருந்துவதாகும்.

2. மதம் என்னும் கருத்து

'இக்கதை வறுமையைக் காட்டுகிறது. ஏழைகளின் துன்பம் இதில் கூறப்படுகிறது' என ஒரு மாணவர் எழுதுவதாகக் கொள்வோம். இரு தொடர்களிலும் இலக்கண வழு இல்லை. கூறியது கூறலே இதன் குற்றம். இரண்டாம் தொடரை நீக்குவதால் மட்டும் இக்குறை தீராது. நிறுவவேண்டிய கருத்தொன்று மாணவரிடம் இல்லாமையே இதற்குக் காரணம்.

இவ்விடத்தில் நன்னூலின் எழுவகை மதம் பயன்படும். உடன்படல், மறுத்தல், தாமாக ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபடுமிடத்து ஒன்றைத் துணிதல் முதலியன இலக்கியக் கட்டுரைக்கு அடிப்படையாகத்தக்கவை. 'கதையின் கருத்தை எழுதுக' என்னும் வினா மதத்தை வேண்டுவதில்லை. மணக்குடவரும் பரிமேலழகரும் வேறுபடப் பொருள் கூறும் குறளொன்றைத் தந்து, யாருடைய உரை பொருந்தும், ஏன் என வினவினால், மாணவர் மூலத்தை மீண்டும் படித்துச் சான்று காட்டவேண்டியவராகிறார்.

3. திருத்தத்தின் வரிசை

தமிழகத்திற்கு வெளியே இதன் தேவை மிகுதி. புனேயின் லோஹேகாவ் போன்ற பகுதிகளில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மராத்தி, இந்தி, ஆங்கிலம் பயிலும் மாணவர் தமிழில் எழுதும்போது பேச்சுவழக்கு எழுத்தில் புகுவது இயல்பு. அதனை மட்டும் திருத்தித் தரும் ஆசிரியர், அம்மாணவர் சொல்ல வந்த கருத்தைக் காணாது விடுகிறார்; மாணவரோ எழுதுவதையே தவிர்க்கத் தலைப்படலாம். ஆதலின் முதலில் மதமும், அடுத்துத் தொடுப்பும், இறுதியில் சொல்வழுவும் நோக்கப்பெறுதல் வேண்டும்.

இவ்விலக்கணங்கள் நூலியற்றுவோர்க்கு வகுக்கப்பட்டவை. மாணவர்க்கு அவற்றை அப்படியே பொருத்துதல் இயலாது. எனினும் பத்துக் குற்றங்களை ஒப்பிக்கும் மாணவர் அவற்றுள் ஒன்றையேனும் தம் கட்டுரையில் தாமே கண்டு திருத்தப் பயிற்சி பெறுதல் இயலக்கூடியதே. தேர்வு வினாக்கள் அதற்கேற்ப மாறுதல் வேண்டும்.