தாவுல் கோயிலும் அதன் சித்திரமும்

மூலவரை ஓர் ஊரில் தரிசித்துவிட்டு, அவருடைய கோயிலைத் தேடி வேறோர் ஊருக்குப் போனவன் நான். கதலோனியாவில், பிரனீஸ் மலையின் போயிப் பள்ளத்தாக்கில் தாவுல் என்று ஒரு கிராமம். அங்கே சாந்த் கிளிமெந்த் என்ற கத்தோலிக்கக் கோயில். அதன் கருவறையில் தீட்டியிருந்த கிறிஸ்து இப்போது பார்சலோனா மியூசியத்தில் இருக்கிறார்.

கோயிலில் ஆடம்பரம் என்று ஒன்றும் கிடையாது. கருங்கல்லைச் சிறு சிறு துண்டாகக் கொத்தி அடுக்கிய சுவர், உள்ளே உருண்டைத் தூண்கள், மேலே மரக்கூரை. கிழக்கே மூன்று அரைவட்டக் கருவறைகள். பக்கத்தில், பீடத்துக்கு மேல் ஆறு அடுக்காக மணிக்கூண்டு. கட்டிய முறை வட இத்தாலியிலிருந்து வந்த லொம்பார்டிய முறை. 1123 டிசம்பர் 10ஆம் தேதி ரோதா பிஷப் ராமோன் இதை அபிஷேகம் செய்தார் என்று தூணிலேயே வர்ணத்தில் எழுதி வைத்தார்கள். மறுநாள் அதே ஊரில் சாந்தா மரியா கோயிலுக்கும் அபிஷேகம். சின்ன மலையூருக்கு இரண்டு நாளில் இரண்டு கோயில்கள்!

சித்திரக்காரன் பெயர் தெரியாது. அந்த மலைப்பக்கத்துக் கனிமம் ஒன்றை அரைத்து எடுத்த நீலம். அதன் நடுவே கிறிஸ்து. கையில் விரித்த புத்தகம் அவரை உலகுக்கு ஒளி என்கிறது. எனக்கு அவரைவிட, ஓரத்தில் கிடக்கும் ஏழை லாசரைத்தான் பிடித்தது. அவன் புண்ணை ஒரு நாய் நக்குகிறது. நாயைக் கவனித்துப் பார்த்தவன்தான் அப்படித் தீட்ட முடியும்.

1919 முதல் 1923 வரை, பள்ளத்தாக்குக் கோயில்களின் சித்திரங்களை இத்தாலியத் தொழிலாளர் பெயர்த்து எடுத்தார்கள். துணியைப் பசையால் ஒட்டி, காய்ந்ததும் இழுத்தால் வர்ணத்தின் தோல் மட்டும் கூட வரும். சுருட்டிக்கொண்டு போய், மியூசியத்தில் புதுவளைவு செய்து அதில் ஒட்டினார்கள்.

திருட்டு என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. ஆனால் அதே பிரதேசத்து மூர் கோயிலின் சித்திரம் வியாபாரிகள் கைமாறி 1921இல் அமெரிக்காவின் பாஸ்டன் மியூசியத்துக்குப் போய்விட்டது. பார்சலோனாக்காரர்கள் முந்திக்கொள்ளாவிட்டால் தாவுலுக்கும் அதே கதி நேர்ந்திருக்கும். எடுத்தது சரி என்றுதான் இன்று சொல்வேன். அதற்காக மியூசியமே அதன் இடம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பலிபீடத்துக்கு மேலே, பூசைக்கு வந்தவனை நோக்கிக் குனியும்படி தீட்டிய முகம் அது. மியூசியத்தில் குனிகிறது, கீழே பீடம் இல்லை.

கோயிலில் வெகுகாலம் ஒரு பிரதி இருந்தது. அதை எடுத்துவிட்டு, 2013 முதல் விளக்குக் கருவியால் சுவரில் சித்திரத்தை விழவைக்கிறார்கள். அழிந்துபோன பகுதிகளும் முழுமையாகத் தெரிகின்றன. சாமர்த்தியமான வேலை, ஜனங்களும் மெச்சுகிறார்கள். எனக்கு மட்டும் அந்த முழுமை உறுத்தியது. உலகுக்கு ஒளி என்ற எழுத்துகளுக்கே மின்சாரம் வேண்டியிருக்கிறது!

காட்சி முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு அருகே போய்ப் பார்த்தேன். துணியோடு போகாமல் தங்கிவிட்ட பழைய வர்ணம், அங்கங்கே திட்டுத் திட்டாகச் சுவரில் இருந்தது. அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.