சக்காராவில் தொடங்குங்கள்

கெய்ரோவிலிருந்து கிளம்பும் ஒருநாள் சுற்றுலாக்களில் பலவும் காலையில் கீசாவுக்குப் போகின்றன. மூன்று பிரமிடுகளையும் ஸ்ஃபிங்ஸையும் பார்த்த பிறகு மெம்பிஸ், சக்காரா, கடைசியில் அருங்காட்சியகம். கூட்டமும் வெயிலும் ஏறுவதற்குள் பெரியதைப் பார்த்துவிட வேண்டும் என்ற கணக்கில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இந்த வரிசை கண்ணைக் கெடுத்துவிடுகிறது. குஃபு மன்னனின் பெரிய பிரமிடு, கட்டியபோது 146 மீட்டர் உயரம், ஏறத்தாழ 23 லட்சம் கற்கள் என்று நாள் தொடங்கினால், 'இது மனிதரால் ஆகிற காரியமா?' என்ற கேள்வி முதலிலேயே மனதில் உட்கார்ந்துகொள்ளும். அதற்குத் தீனி போட வேற்றுக்கிரகவாசிகள் முதல் கடலில் மூழ்கிய கண்டங்கள் வரை கதைகள் தயாராக உள்ளன. உண்மையில் குஃபுவின் பிரமிடு, சுமார் நூறு ஆண்டுகள் முயன்று, தவறி, திருத்திக் கற்ற ஒரு தொழிலின் உச்சம். உச்சத்தை முதலில் பார்த்தால் அதற்கு ஏறிய படிகள் தெரியாது. அந்தப் படிகள் இருக்கும் இடம் கீசாவுக்குத் தெற்கே, காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சக்காரா. சுற்றுலாவை அங்கே தொடங்கும்படி வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கி.மு. 2650 வாக்கில் ஜோசர் மன்னனுக்காக அங்கே எழுந்த படிக்கட்டு பிரமிடுதான் எகிப்தின் முதல் பிரமிடு. அதற்கு முன் அரசர்களின் கல்லறைகள் மஸ்தபா எனப்படும், பச்சைச் செங்கல்லால் ஆன தட்டையான மேடைகள். ஜோசரின் கல்லறையும் மஸ்தபாவாகவே தொடங்கியது. கல்லில் கட்டியதுதான் புதுமை. பிறகு அதைப் பக்கவாட்டில் விரித்தார்கள், மேலே நான்கு படிகள் எழுப்பினார்கள், மறுபடி மனம் மாறி ஆறு படிகளாக்கி சுமார் 60 மீட்டருக்குக் கொண்டுபோனார்கள். இத்தனை மாற்றங்களும் ஒரே கட்டடத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. இதன் பெருமை, கட்டடக் கலைஞராகக் கருதப்படும் இம்ஹோதெப்புக்குச் சேருகிறது. ஜோசர் சிலை ஒன்றின் பீடத்தில் அரசன் பெயரோடு அவர் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. ஆனால் நின்று பார்க்க வேண்டியது பிரமிடைவிட, வளாகத்துக்குள் நுழையும் தூண் வரிசையை. அங்குள்ள தூண்கள் தனித்து நிற்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு குட்டைச் சுவரால் பக்கச் சுவரோடு ஒட்டியிருக்கிறது. கல் தூண் தானாக நின்று கூரையைத் தாங்கும் என்ற நம்பிக்கை அந்தக் கைகளுக்கு இன்னும் வரவில்லை. தூணின் உடல் கட்டி வைத்த நாணல் கற்றையைப் போல வரிவரியாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கூரைக் கல்லின் அடிப்பக்கத்தை உருண்டையான பனங்கட்டைகள் அடுக்கியதுபோல் வெட்டியிருக்கிறார்கள். திறந்து கிடக்கும் மரக்கதவு ஒன்றையும் கல்லிலேயே செய்து வைத்துவிட்டார்கள். அதை யாராலும் மூட முடியாது. சுவர்க் கற்களும் சிறியவை, செங்கல் அடுக்கிப் பழகிய கைக்கு ஏற்றவை. நாணலும் மரமும் செங்கல்லும் அறிந்த ஒரு தொழில், கல் என்ற புதிய பொருளின் முன் தயங்கி நின்ற தருணம் இந்தத் தூண்களில் அப்படியே உறைந்திருக்கிறது. எகிப்தில் இதைவிட நெகிழ வைக்கும் இடம் வேறொன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. பழங்காலத்தவருக்கும் இந்த ஈர்ப்பு இருந்தது. இரண்டாம் ராம்சேஸின் 47ஆம் ஆட்சியாண்டில் ஹட்நக்தே என்ற கருவூல எழுத்தர் தன் சகோதரனுடன் இங்கே உலாவ வந்ததைச் சுவரில் மையால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அப்போதே இந்த வளாகத்துக்கு ஆயிரத்து நானூறு வயது.

சக்காராவில் அரை மணி மிச்சமிருந்தால் அதிகாரிகளின் கல்லறை ஒன்றுக்குள் போங்கள். தி என்பவரின் கல்லறையில் மாடுகள் ஆற்றைக் கடக்கும் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. மாட்டுக்காரன் முதுகில் சுமந்து போகும் கன்று கழுத்தைத் திருப்பித் தாயைப் பார்க்கிறது. பின்னால் வரும் தாய் தலையை நீட்டிக் கதறுகிறது. நீருக்குள் தெரியும் கால்களையும் சிற்பி விட்டுவிடவில்லை. அரசனுக்கு மலை எழுப்பிய அதே நாடு, அடுத்த ஓரிரு நூற்றாண்டுகளில் ஒரு கன்றின் பயத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறது.

ஜோசருக்கும் குஃபுவுக்கும் நடுவில் வருபவர் குஃபுவின் தந்தை ஸ்னெஃபெரு. சக்காராவுக்குத் தெற்கே தஹ்ஷூரில் அவர் கட்டிய வளைந்த பிரமிடு ஏறக்குறைய 54 பாகைச் சரிவில் எழுந்து, பாதி வழியில் திடீரென 43 பாகைக்குத் தணிகிறது. உள்ளே விரிசல் கண்டதால் பாரத்தைக் குறைத்தார்கள் என்பதே பெரும்பாலோர் தரும் விளக்கம். பக்கத்திலேயே அவர் எழுப்பிய சிவப்புப் பிரமிடு முதலிலிருந்தே 43 பாகை. சுமார் 105 மீட்டர் உயரத்துக்குச் சரிவு மாறாமல் போகிறது. முந்தைய கட்டடம் தந்த பாடத்தை அடுத்தது ஏற்றுக்கொண்டதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இரண்டு கட்டடங்கள் அருகருகே அமைவது அரிது. மெம்பிஸில் கிடக்கும் ராம்சேஸ் சிலை அழகுதான், ஆனால் நேரம் ஒன்றுக்குத்தான் உண்டு என்றால் தஹ்ஷூரைத் தேர்ந்தெடுங்கள்.

இதற்குப் பிறகு கீசாவில் இறங்கினால் கேள்வியே மாறிவிடும். 'எப்படி முடிந்தது?' என்பது போய், 'எவ்வளவு துல்லியத்துக்கு வந்துவிட்டார்கள்!' என்று தோன்றும். குஃபு பிரமிடின் பக்கங்கள் திசைகளிலிருந்து விலகும் அளவு ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் எல்லோரும் அவசரமாகக் கடந்துவிடும் மென்கௌரே மன்னனின் சிறிய பிரமிடுக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். அதன் அடி வரிசைகளுக்குக் கருங்கல் போர்த்தியிருக்கிறார்கள். வடக்கே வாசலைச் சுற்றி ஒரு திட்டு மழமழவென்று இழைக்கப்பட்டிருக்க, மற்ற கற்களில் பெரும்பாலானவை முகம் புடைத்து, உளிபடாமல் அப்படியே நிற்கின்றன. கல்லைக் கரடாகவே கொண்டுவந்து பொருத்திவிட்டுப் பிறகுதான் முகத்தை இழைத்தார்கள் என்ற வேலைமுறை இந்தச் சில மீட்டருக்குள் விளங்கிவிடும். உதிர்ந்த கருங்கற்களை மறுபடி ஏற்றும் திட்டம் 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, பலத்த எதிர்ப்புக்குப் பின் நிபுணர் குழுவின் பரிந்துரைப்படி கைவிடப்பட்டது நல்லதாயிற்று.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கட்டியவர்கள் நமக்குக் காட்ட விரும்பியது வழுவழுப்பான வெள்ளைச் சரிவை; அவர்கள் மறைக்க நினைத்த கரட்டுக் கற்களையும் திருத்தங்களையும் ரசிப்பது அவர்களுக்குச் செய்யும் துரோகம் ஆகாதா? வலுவான மறுப்புதான். ஆனால் அந்த வெள்ளைச் சரிவு இன்று இல்லை. கீசாவின் நடுப் பிரமிடான காஃப்ரே பிரமிடின் உச்சியில் ஒரு தொப்பியளவும், குஃபு பிரமிடின் அடியில் சில கற்களும்தான் மிச்சம். மற்றவற்றில் பெரும்பகுதி கெய்ரோவின் கட்டடங்களுக்குப் போய்விட்டது. இல்லாத அழகைக் கற்பனையில் ரசிக்கலாம். கண்முன் இருப்பதை ரசிக்க வேண்டுமானால் வேலையைத்தான் ரசிக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடுமையானது. ஒருவனுடைய கல்லறைக்காக ஆயிரக்கணக்கானோரை வதைத்த இடத்தில் ரசனைக்கு என்ன வேலை? சாட்டையடிபட்ட அடிமைகள் என்ற படம் திரைப்படங்களால் நம்மிடம் ஊறிப்போனது. 1990இல் கீசாவில் வெளிப்பட்ட தொழிலாளர் கல்லறைகளும், அருகே தோண்டியெடுத்த குடியிருப்பின் ரொட்டி அடுப்புகளும் வேறொன்றைச் சொல்கின்றன. அரசனின் நினைவிடத்துக்கு அருகிலேயே இவர்களைப் புதைத்திருக்கிறார்கள். உடைந்த எலும்புகளுக்குக் கட்டுப்போட்டு ஆற்றியிருக்கிறார்கள். 2013இல் செங்கடல் கரையில் உள்ள வாதி அல்ஜர்ஃபில் தொல்லியலாளர் பியேர் தலேயின் குழுவினர் கண்டெடுத்த பாப்பிரஸ்கள், எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றிலேயே பழையவை. அவற்றில் மெரர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு இருக்கிறது. சுமார் நாற்பது பேர் கொண்ட அவருடைய குழு துரா கற்சுரங்கத்திலிருந்து வெண்சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றி கீசாவுக்குக் கொண்டுவந்தது, எந்த இரவு எங்கே தங்கியது என்று நாள்வாரியாக அவர் எழுதியிருக்கிறார். இதை வைத்து அந்த உழைப்பை இனிப்பாக்கிவிடவும் கூடாது. அரசு விதித்த கட்டாய வேலை அது. தேய்ந்துபோன முதுகெலும்புகளும் அதே கல்லறைகளில்தான் கிடைத்தன. இதனால்தான் மன்னனின் பெயரைவிட மெரரின் குழுவையும் மென்கௌரேயின் உளிபடாத கல்லையும் மனதில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். உழைத்தவர்களின் திறமையை மெச்சுவது, உழைக்க வைத்தவனுக்குக் கொடி பிடிப்பதாகாது. அவர்களுடைய வேலையை வேற்றுக்கிரகத்தாருக்கு எழுதிக் கொடுப்பதுதான் பெரிய அநியாயம்.

விளக்கம் தெரிந்தால் வியப்பு போய்விடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. கற்களை ஏற்றிய சாய்தளம் எந்த வடிவில் இருந்தது என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. தெரிந்தது கூடக் கூட, தெரியாத இடம் எது என்பது கூர்மையாகிறது.

அருங்காட்சியகத்துக்கு மாலையில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் பெரிது. கீசாவின் பக்கத்திலேயே, 2025 நவம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட கிராண்ட் எகிப்தியன் மியூசியத்துக்குப் போவது இந்த நாளுக்குப் பொருந்தும். துட்டன்காமூனின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் ஒரே இடத்தில் இருக்க, எல்லோரும் தங்க முகமூடிக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் முதலில் குஃபுவின் படகுக்குப் போங்கள். 1954இல் பிரமிடின் அடிவாரத்தில் 1,224 துண்டுகளாகப் பிரித்து அடுக்கிய நிலையில் கிடைத்தது. மீட்டமைப்பு நிபுணர் அகமது யூசுஃப் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அதைக் கோத்தார். தேவதாரு மரத்தில் 43 மீட்டர் நீளம். பலகைகளைக் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். அடிப்பக்கத்தைப் பார்க்க வழியிருந்தால் விடாதீர்கள். கயிறு நுழையும் துளைகள் பலகையின் உட்புறத்திலேயே தொடங்கி உட்புறத்திலேயே முடிகின்றன, வெளிமுகத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை. தஹ்ரீர் சதுக்கத்தில் 1902இல் திறந்த பழைய அருங்காட்சியகத்தையும் அதே மாலையில் திணிக்க வேண்டாம். ஜோசரின் அசல் சிலைக்கும், கழுத்துக்குப் பின்னால் பருந்து சிறகு விரிக்கும் காஃப்ரே சிலைக்கும் இன்னொரு காலை வேண்டும். அந்தக் காலை கிடைக்காதென்றால், தங்க முகமூடியைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு மீதி நேரத்தைப் படகுக்குக் கொடுங்கள்.